திங்கட்கிழமைக் குறைகள்: தொலைக்காட்சி மல்யுத்தம் பார்ப்போர் கருத்துகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

மல்யுத்தம் பற்றி ஆய்வுகள் உண்டு. மல்லர்களைப் பற்றி நூல்கள் உண்டு. மல்லர்கள் தாங்களே எழுதியதாக அட்டையில் போட்டுக்கொண்ட நூல்களும் உண்டு. ஆனால் சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்து, "இந்தக் கதையை எழுதினவனை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்" என்று முழங்கும் ரசிகரின் கருத்துகளைத் தொகுத்து, வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டும் பணி தமிழில் தொடங்கப்படவே இல்லை. இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. எல்லா ஆய்வேடும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கும் என்பதால் இதற்குத் தனிச் சான்று தேவையில்லை.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த், 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையையே மல்யுத்தத்துக்குத்தான் கொடுத்தார். அன்றிலிருந்து இந்தப் பொருளில் எழுதும் எவரும் பார்த்தைக் குறிப்பிடாமல் இரண்டாம் பத்தியைத் தாண்டுவதில்லை. இக்கட்டுரையும் அந்த வரியைச் செலுத்திவிட்டது. பார்த் கண்டது இது: பாரிஸ் அரங்கில் கூடும் மக்களுக்குப் போட்டி முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதா இல்லையா என்பது பொருட்டே அல்ல.

இன்றைய ரசிகருக்கு அது ஒன்றுதான் பொருட்டு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். யார் ஜெயித்தார் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. அவரை ஜெயிக்க வைத்தது யார், எதற்காக வைத்தார், அந்த மனிதரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்பதே கேள்வி. 1989இல் வின்ஸ் மெக்மஹனின் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனம், நியூஜெர்சி மாநில செனட்டின் முன் தன் நிகழ்ச்சி விளையாட்டல்ல, கேளிக்கைதான் என்று தானே ஒப்புக்கொண்டது. மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் தன் மேல் விழாமல் இருக்கவே அந்த வாக்குமூலம். அந்த நாள் முதல் ரசிகருக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்தவரைக் கோபப்படுத்துவது எவ்வளவு எளிது என்பதே வரும் இயல்களில் நிறுவப்படுகிறது.

ஆய்வு எல்லை

ஆய்வுக் காலம் 2025 ஜனவரி 6 முதல் டிசம்பர் 13 வரை. அதற்கு முந்தியதும் பிந்தியதும் வேறு ஆய்வாளர்களின் வயிற்றுப்பாட்டுக்கு விடப்படுகின்றன.

தொடக்க நாளுக்குக் காரணம் உண்டு. 1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் தொடங்கிய 'மண்டே நைட் ரா' நிகழ்ச்சி, அன்றுதான் தொலைக்காட்சியை விட்டு நெட்ஃப்ளிக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஒப்பந்தம் 10 ஆண்டு. மதிப்பு 500 கோடி டாலருக்கு மேல். இந்தியாவில் ஏப்ரல் 1 முதல்.

இங்கே ஒரு காலச் சிக்கல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்குவது, நம் ஊரில் செவ்வாய் விடியலில் ஐந்தரைக்கோ, குளிர்காலமானால் ஆறரைக்கோ வந்து சேர்கிறது. ஆகவே இந்நிகழ்ச்சி திங்கட்கிழமைக்குரியதா, செவ்வாய்க்கிழமைக்குரியதா? இக்கட்டுரை திங்கள் என்றே கொள்கிறது. ஒரு நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்தியே இரண்டு தலைமுறைப் பேராசிரியர்கள் பதவி உயர்வு பெற்ற நாட்டில், ஒரு நாள் வித்தியாசத்தை எவரும் பிழையென்று சொல்லமாட்டார்.

ரசிகர் வகைப்பாடு

ரசிகர் அறுவகையர்: பொற்காலத்தார், விளம்பரக் குறையாளர், அளவையாளர், உள்விவரத்தார், தட்டலாகாக் கொள்கையர், வெறுமனே பார்ப்பவர் என. என்னை? வகுக்காவிட்டால் பக்கம் நிரம்பாது ஆகலின்.

1. பொற்காலத்தார்

இவர்கள் கருத்து: இப்போது வருவது எதுவும் பார்க்கும்படி இல்லை, தொண்ணூறுகளின் கடைசியில் வந்ததுதான் மல்யுத்தம். ஸ்டோன் கோல்டு, ராக், அண்டர்டேக்கர் என்று மூன்று பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது இவ்வகையினரின் இலக்கணம் (ரசிகர் ஒருவர், நேர்காணல்).

அந்தப் பொற்காலத்தின் சான்றாதாரங்களை ஆய்வாளர் நேர்மையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். 2000 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான 'ரா'வில், எழுபத்தாறு வயதான மே யங் என்ற மூத்த வீராங்கனை பிரசவ வலியில் துடித்தார். பிறந்தது குழந்தையல்ல, ஒரு கை. ரப்பர் கை. பொற்காலத்தாரிடம் இதைச் சொன்னால், "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார்கள் (அதே ரசிகர், பல் துலக்கும்போது, சில எழுத்துகள் தெளிவில்லை).

தமிழ்நாட்டுப் பொற்காலத்தாரிடம் ஒரு கூடுதல் ஆவணத் தொகுதியும் உண்டு: டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டுகள். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒவ்வொரு மல்லரையும் எண்களாக்கி அச்சடித்த அந்த அட்டைகளே பின்னர் வரும் அளவையாளர் மரபுக்கு மூல நூல் எனக் கொள்ளலாம். மூலப் பிரதிகளில் பெரும்பாலானவற்றைக் கணக்கு வாத்தியார்கள் பறிமுதல் செய்துவிட்டதால் செம்பதிப்பு சாத்தியமில்லை.

2. விளம்பரக் குறையாளர்

ரிங்கின் நடுத்துணியில்கூட விளம்பரம் ஒட்டிவிட்டார்கள் என்பது இவர்கள் கருத்து. மறுப்பார் ஒருவரும் இல்லாமையால் ஆய்வுக்கு இடமில்லை.

3. அளவையாளர்

ஒரு சண்டை நன்றாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது, இல்லை என்பன சாதாரண மனிதரின் பதில்கள். அளவையாளர் பதில்: "நாலே கால்."

இந்த அளவை அமெரிக்காவில் பிறந்தது. 'ரெஸ்லிங் அப்சர்வர் நியூஸ்லெட்டர்' என்ற இதழை நடத்தும் டேவ் மெல்ட்சர் ஒவ்வொரு சண்டைக்கும் நட்சத்திரம் போடுகிறார். ஐந்துதான் உச்சம் என்று உலகம் நம்பியிருந்தது. அந்த ஐந்து சுலபத்தில் கிடைத்ததுமில்லை. 1997க்குப் பிறகு டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் சண்டை ஒன்று ஐந்தைத் தொட 2011 ஜூலை 17 வரை, சிகாகோவில் ஜான் சீனாவும் சிஎம் பங்க்கும் மோதிய இரவு வரை, பதினான்கு ஆண்டுகள் ஆயின. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பதினான்கு ஆண்டு காத்திருந்து சென்டம் வாங்கியதற்குச் சமம் இது.

பிறகு அளவுகோலே முறிந்தது. 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம்: கென்னி ஒமேகாவும் கசுச்சிகா ஒகாடாவும் மோதினார்கள். மெல்ட்சர் ஐந்துக்கு ஆறு போட்டார். மறு ஆண்டு ஜூன் 9, ஒசாகா: அதே இருவர், ஒரு மணி நேரத்துக்கு மேல். ஐந்துக்கு ஏழு. அகமதிப்பெண்ணை அள்ளி வழங்கும் கல்லூரிகள்கூட இருபத்தைந்துக்கு முப்பத்தைந்து போட்டதாகப் பதிவில்லை.

இதன் விளைவுகளை அளவையாளர் இன்றுவரை அனுபவிக்கிறார். ஐந்து என்பது இப்போது உச்சமா, நடுத்தரமா? ஏழு வாங்கிய சண்டையோடு ஒப்பிட்டால், பழைய ஐந்துகளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டாமா? அனுப்பினால் கட்டணம் யார் கட்டுவது? பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் நட்சத்திரம் போடும் வழக்கம் இருப்பதால், மிக மோசமான ஒரு சண்டையைப் பார்த்தவர் முன்பு பார்த்த நல்ல சண்டையிலிருந்து கொஞ்சம் இழக்கிறாரா என்ற தத்துவக் கேள்வியும் எழுகிறது (இரயில் பயணி, எஸ்-7 பெட்டி, மேல் படுக்கை, காட்பாடி தாண்டிய பின், கீழ்ப் படுக்கைக்காரர் இக்கருத்தை மறுத்து விளக்கை அணைத்தார்).

இந்த முறையின் அடிப்படைக் குறை ஒன்றையும் சுட்டியாக வேண்டும். மெல்ட்சர் கால் நட்சத்திரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. அரைக்கால், மாகாணி, காணி என்று இறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை பெயர் வைத்துக் கணக்குப் பார்த்த மரபுக்கு இது அவமானம். 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சியில் ஆறு நிமிடம் ஓடி விளம்பர இடைவேளையோடு முடிகிற ஒரு சண்டையை மதிக்கக் கால் நட்சத்திரம் மிகப் பெரிய அலகு. "இரண்டரையே மூன்று முந்திரி" என்று போட்டால்தான் நியாயம் கிடைக்கும். இதை வலியுறுத்திப் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்று கூட்டப்பட வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் வந்தால் தேசியக் கருத்தரங்கம், கொழும்பிலிருந்து ஒருவர் திரையில் தெரிந்தால் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்ற நடைமுறை ஏற்கெனவே இருப்பதால் செலவு அதிகமாகாது. பை, பேனா, சான்றிதழ் தனி.

4. உள்விவரத்தார்

இவர்கள் ஏமாறுவதில்லை. ஏமாறாதவர்கள் என்பதே இவர்கள் கொள்கை, தொழில், குலப்பெருமை. மல்லர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், சாதாரண ரசிகர் "ஐயோ" என்கிறார்; உள்விவரத்தார், "கேமரா எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தியா?" என்கிறார்.

2025 ஜூலை 12 அன்று செத் ரோலின்ஸ், எல்ஏ நைட்டுடன் மோதும்போது முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை நிறுத்தினார். உள்விவரத்தார் எல்லா அறிகுறிகளையும் சோதித்தார்கள்: நடுவரின் முகம், வர்ணனையாளரின் குரல், சண்டை அரைகுறையாக முடிந்த விதம். பெரும்பான்மைத் தீர்ப்பு: உண்மையான காயம். ஆகஸ்ட் 2, நியூஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியம், 'சம்மர்ஸ்லாம்'. சிஎம் பங்க் குன்தரை வீழ்த்திப் பட்டத்தை வாங்கி ஒரு மூச்சு விடுவதற்குள், அவர் முன்னால் ரோலின்ஸ் ஊன்றுகோலோடு தோன்றினார். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார். எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்குச் சவால் விட உரிமை தரும் ஒப்பந்தப் பெட்டியைக் கொடுத்து அங்கேயே சவால் விட்டு, பட்டத்தைப் பறித்தார். முழங்கால் பூரண நலம்.

உள்விவரத்தார் பாடம் கற்றார்கள். அக்டோபர் 11, ஆஸ்திரேலியாவின் பெர்த். ரோலின்ஸ் தோளில் அடிபட்டார். இந்த முறை யார் நம்புவார்? கேமரா எந்தப் பக்கம் போனது என்று பார்த்தார்கள். சிரித்தார்கள். காயம் உண்மை. பட்டம் காலியானதாக அறிவிக்கப்பட்டது.

பொய்க் காயத்தை மெய்யென்றும் மெய்க் காயத்தைப் பொய்யென்றும் மூன்று மாத இடைவெளியில் முடிவு கட்டிய ஓர் ஆராய்ச்சி மரபு, இரண்டு முறையும் தன் முறையியலில் குறையில்லை என்று நிறுவியிருக்கிறது. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்து உடைந்திருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு கல்லைத் தேடிப் போகிற துறைகள் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கின்றன.

ஆர்-ட்ரூத் விவகாரமும் இவ்வியலைச் சேர்ந்ததே. 2025 ஜூன் 1 அன்று தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று அவர் அறிவித்தார். அரங்குகளில் அவர் பெயர் முழங்கியது. ஜூன் 7 அன்று 'மணி இன் த பேங்க்' நிகழ்ச்சியின் கடைசிச் சண்டையில் அவர் திரும்பி வந்து ஜான் சீனாவை அடித்தார். ரசிகர் குரல் நிறுவனத்தைப் பணிய வைத்தது என்கிறது ஒரு கட்சி. பணிவதே கதையில் எழுதியிருந்தது என்கிறது மறு கட்சி. இரு கட்சியும் வெற்றி விழா கொண்டாடிவிட்டன.

5. தட்டலாகாக் கொள்கையர்

இது இக்கட்டுரையின் உயிரியல். அதாவது உயிரான இயல்.

ஜான் சீனாவின் தாரக மந்திரம் எப்போதும் 'விட்டுக்கொடுக்காதே' என்பது. டி-ஷர்ட்டிலும் துண்டிலும் அச்சிட்டு அதை உலகம் முழுக்க விற்றார்கள். 2024 ஜூலையில் டொரண்டோவில், அடுத்த ஆண்டோடு ஓய்வு என்று அறிவித்தார். 2025 மார்ச் 1, மறுபடி டொரண்டோவில், இருபது ஆண்டுகளுக்கு மேல் நல்லவராக இருந்தவர் திடீரென்று கோடி ரோட்ஸைத் தாக்கிக் கெட்டவரானார். ஏப்ரல் 20, லாஸ் வேகாஸ் 'ரெஸில்மேனியா'வில் அதே கோடியை வீழ்த்தி 17ஆம் முறை உலக சாம்பியன். இந்தக் கெட்ட காரியத்தைத் தொடங்கிவைத்த ராக் அன்று வரவில்லை. பாடகர் டிராவிஸ் ஸ்காட் வந்தார். இதற்கு ரசிகர் சொன்ன கருத்துகள் அச்சேறத்தக்கவை அல்ல. ஆகஸ்ட் 1 அன்று சீனா மறுபடி நல்லவர். ஆகஸ்ட் 3 அன்று பட்டம் போயிற்று.

17 என்ற எண்ணுக்குப் பாடபேதம் உண்டு. சீனா முறியடித்தது ரிக் ஃப்ளேரின் 16. அந்த 16, டபிள்யூடபிள்யூஇ ஏற்றுக்கொண்ட எண். வேறு எண்ணிக்கைகள் இருபதைத் தாண்டுகின்றன. 1984 மார்ச்சில் ஃப்ளேரும் ஹார்லி ரேஸும் நியூசிலாந்திலும் சிங்கப்பூரிலும் பட்டத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் அதை அப்போது கணக்கிலேயே சேர்க்கவில்லை. எல்லாமே முன்கூட்டி முடிவு செய்த வெற்றிகள் என்றறிந்த ரசிகர்கள், அவற்றில் எவை 'செல்லுபடியாகும்' வெற்றிகள் என்று இரவு முழுக்க வாதிடுகிறார்கள். இடைச்செருகல் என்ற சொல்லைப் பயன்படுத்தாதது மட்டுமே குறை.

இனி முக்கியச் செய்தி. 2025 டிசம்பர் 13, வாஷிங்டன், கேபிடல் ஒன் அரீனா. சீனாவின் கடைசிச் சண்டை, குன்தருடன். குன்தர் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்தார். சீனா திமிறினார், தப்பினார், மறுபடி மாட்டினார். பிறகு லேசாகச் சிரித்தார். தட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அரங்கம் ஊளையிட்டது. குன்தருக்குக் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் விடைகொடுக்க ரிங்குக்கு வந்த டிரிபிள் எச் பெற்றது அதைப்போலப் பல மடங்கு. கதைக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி அவர். கழுத்தை நெரித்தவரை விட்டுவிட்டு நெரிக்கச் சொன்னவரைத் திட்டிய அந்த நிமிடத்தில் இக்கட்டுரையின் கருதுகோள் நேரலையில் மெய்ப்பிக்கப்பட்டது.

தட்டலாகாக் கொள்கையரின் வாதம் நேரானது: விட்டுக்கொடுக்காதே என்று டி-ஷர்ட் விற்றவர் தட்டலாகாது, மயங்கி விழுந்து தோற்றிருக்கலாம். எதிர்த்தரப்பு வாதமும் நேரானதே: விடைபெறுகிறவர் தோற்று, வளர்கிறவரை உயர்த்திவிட்டுப் போவது தொழில் மரபு. இந்த இரண்டோடு விஷயம் முடிந்திருந்தால் உலகம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலாவதாக வைத்து, அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்று நான்கு காரணம் சொல்கிறது. சீனாவின் சிரிப்பு இவற்றுள் எதன்பாற்படும்?

இளமை என்பாரை எளிதில் விலக்கலாம். சீனா பிறந்தது 1977 ஏப்ரலில். தட்டிய அன்று வயது 48. பிறர் இளமை கண்டு நகுதலும் அடங்கும் என்பார் உளர். குன்தருக்கும் அன்று முப்பத்தெட்டு ஆகிவிட்டபடியால் அதுவும் பொருந்தாது.

எள்ளல் என்பார் ஒரு சாரார். யாரை எள்ளினார்? அலுவலகத்தை என்பது இவர்கள் உரை: "நீங்கள் எழுதிக் கொடுத்ததைச் செய்கிறேன், பலனை நீங்களே அனுபவியுங்கள்" என்பது குறிப்பு. அடுத்த சில நிமிடங்களில் அலுவலகம் அனுபவித்தமையால் இவ்வுரை வலுப்பெறுகிறது (தேநீர்க் கடைச் சுவரொட்டியின் பின்புறக் குறிப்பு, பென்சில், இரண்டு கையெழுத்து, இரண்டாவது கை பிற்காலத்தது, ஓரத்தில் உள்ள பால் கணக்கு பாடத்தைச் சேர்ந்ததன்று).

பேதைமை என்பாரும் மடமை என்பாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பேதைமை என்பது பிறர் சொன்னதை அப்படியே நம்புவது; மடமை என்பது எதிரில் இருப்பதை வேறொன்றாக எண்ணி மயங்குவது. பேதைமையார் கருத்தில், கூட்டம் கைதட்டும் என்று யாரோ சொன்னதைச் சீனா நம்பிவிட்டார். மடமையார் கருத்தில், அவர் தன் கடைசிச் சண்டையைத் தன் கடைசிச் சண்டை என்றே உணரவில்லை. இரு சாராரும் தத்தம் நிலையை முறையே நாற்பது பக்கத்திலும் நாற்பத்தொரு பக்கத்திலும் நிறுவியுள்ளனர். அந்த ஒரு பக்கம் கூடுதலாக வந்தது நன்றியுரையால் (கல்யாண மண்டபம், பந்தி இரண்டு, வலப்புற வரிசை, ரசம் பரிமாறும் வேளை, தகவலாளர் எழுந்து கை கழுவப் போனதால் மேற்கோள் பாதியில் முடிகிறது, எஞ்சிய பகுதி பந்தி மூன்றில் கிடைக்கலாமென்று ஆய்வாளர் இலையைத் தக்கவைத்துக்கொண்டு காத்திருந்தும் பயனில்லை).

ஐந்தாவதாக ஓர் உரை உண்டு: சீனாவுக்கு மூச்சு முட்டியது, அதனால் முகம் அப்படிப் போயிற்று. நூற்கருத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இவ்வுரை நிராகரிக்கப்படுகிறது.

6. வெறுமனே பார்ப்பவர்

பார்க்கிறார், விசில் அடிக்கிறார், தூங்கப் போகிறார். ஆய்வுக்கு உதவார்.

முடிவுரை

ஆறு வகையினருள் நிகழ்ச்சியைப் பார்ப்பதை நிறுத்தியவர் எவருமில்லை. மிக அதிகமாகத் திட்டியவரே மிகக் கவனமாகப் பார்த்தவர். டிசம்பர் 13 இரவு இதோடு முடிந்தது என்று சொன்னவர்கள் டிசம்பர் 15 'ரா'வில் டிரிபிள் எச் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க விடியலிலேயே எழுந்தார்கள். பார்த்தின் பாரிஸ்காரர்கள் சண்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர்களுக்குச் சண்டை முடிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

மேலாய்வுக்கு உரியவை

நடுவர் ஓர் உரசலில் மயங்கி விழுந்து, சரியாக ஏமாற்றுவேலை முடிந்ததும் கண்விழிக்கும் நேரக் கணக்கு: முனைவர் பட்டத்துக்கு ஏற்றது, நெறியாளர் தயார். ஐந்து மாதத்தில் நல்லவர் கெட்டவராகி மீண்டும் நல்லவராவதன் அறவியல்: இளமுனைவருக்குப் போதும். ரிங்கைச் சுற்றி எத்தனை மேசை இருந்தாலும் பல ஆண்டுகளாக ஸ்பானிஷ் வர்ணனையாளர்களின் மேசையே முதலில் உடைந்தது ஏன் என்ற வினாவுக்கு மொழியியல் துறையும் தச்சுத் துறையும் சேர்ந்து நல்கை கோரலாம். விண்ணப்பம் மூன்று படிகளில் வர வேண்டும். கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை.